வரப்பு எடுத்த தோட்டம்

அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டது பொழுது இறங்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, வாசல் விளக்கைப் போட்ட பிறகு. நனைந்த கம்பளியை இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிந்தால் ஒரு நெறிப்பு எழுமே, அந்த மாதிரி, ஆனால் கம்பளியும் இல்லை, பிழிகிறவர்களும் இல்லை, நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது, கிழக்கே மஞ்சள் காட்டுப் பக்கம் தொடங்கி, வீட்டுக்கு அடியில் புகுந்து, என் உள்ளங்காலில் ஏறி, மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த சஷ்டிகா மார்பை விட்டுத் தலையைத் திருப்பிக் கேட்கிற அளவுக்குக் கொஞ்சம் நின்று, பிறகு மேற்கே வாய்க்கால் பக்கம் போய் அடங்கியது.

"என்னுங்க அது?" என்று கேட்டேன்.

என் கணவர் சேமலை கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். உழைத்த களைப்பு, கண்ணைத் திறக்கவில்லை. "இன்னைக்குச் சமன் பண்ணுன மண்ணில்ல. செட் ஆகுது. புது வீடு கட்டுனா செவுரு ராவுல முனகறதில்லையா, அது மாதிரி. தூங்கு வைசாலி."

மறுநாள் துணி காயப்போடும் கம்பி அறுந்து கிடந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து தென்னை மரம் வரை இழுத்துக் கட்டிய கம்பி; சேமலை இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடப் பார்த்தார், எட்டவில்லை, தென்னை மரம் தள்ளிப் போயிருந்தது. அவர் இன்னொரு துண்டுக் கம்பியை ஒட்டுப்போட்டுக் கட்டினார், நான் சஷ்டிகாவின் துணிகளைக் காயப்போட்டேன், அன்றைக்கு அதோடு சரி.

எங்கள் தோட்டம் ஒன்றரை ஏக்கர். ஓடைக்காட்டுப் புதூரில் எல்லோருக்கும் அப்படித்தான், அண்ணன் தம்பி பங்கு பிரித்துப் பிரித்து ஆளுக்கொரு துண்டு, துண்டுக்கு நடுவில் அவரவர் வீடு, வாய்க்காலின் கடைசிப் பாசனம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மேடும் ஒரு குழியும் இருக்கும், மேட்டில் தண்ணீர் ஏறாமல் நெல் காயும், குழியில் தண்ணீர் வடியாமல் மஞ்சள் கிழங்கு அழுகும். நான் கல்யாணமாகி வந்த வருஷம் களத்தில் குவிந்திருந்த நெல்லைப் பார்த்துவிட்டு, "மீதியெல்லாம் எப்ப வருமுங்க?" என்று கேட்டு, அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. நான் குன்னூரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், விடுதியில் தங்கிப் படித்தவள். வெள்ளாமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பூகோளப் பாடத்தில் வந்ததுதான், அதில் மண்ணுக்கு மேடு பள்ளம் கிடையாது, நிறம் மட்டும்தான்.

சேமலைக்கு அந்தக் களம் பெரிய வலி. பொறியியல் படித்து, ஓசூரில் வேலை பார்த்து, எல்லாம் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர், சின்ன நிலம் என்பதால் சின்ன விளைச்சல் என்று இல்லை, கருவி சரியில்லை, அவ்வளவுதான் என்று வீடு வீடாகப் போய்ப் பேசிக் குழு சேர்த்தவர். அந்தக் குழுவுக்குத்தான் லேசர் லெவலர் வந்தது. முக்காலியின் மேல் ஒரு பெட்டி சுழன்று சுழன்று கண்ணுக்குத் தெரியாத கதிரை வயலெங்கும் வீசும், டிராக்டரின் பின்னால் இழுபடும் வாளி அந்தக் கதிருக்குக் கட்டுப்பட்டுத் தானாக ஏறி இறங்கும், மேட்டை வழித்துக் குழியில் போடும். முடிந்த பிறகு வயல் மேசை மாதிரி இருக்கும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றுவிடும்.

ஆனால் அந்த டிராக்டர் எங்கள் துண்டுகளுக்குள் திரும்பாது. அதனால் ஊர் கூடிப் பேசி வரப்புகளை எடுத்துவிடுவது, சமன் பண்ணி முடித்ததும் மறுபடி போட்டுக்கொள்வது என்று முடிவானது. வாளியின் பிளேடு உடையும் என்று டிரைவர் சொன்னதால் எல்லைக் கற்களையும் பிடுங்கினார்கள். இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள்: ஒற்றுமை வந்த சந்தோஷத்தில், யார் கல் எது என்று அடையாளம் வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி, கோயில் மைதானத்தில் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். அடையாளம் வைத்தால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் கூச்சப்பட்டார்கள். எனக்கு மட்டும் பள்ளிக்கூடத்து சிஸ்டர் எமிலியானா ஞாபகம் வந்தார். மார்ஜின் விடாத தாளை அவர் திருத்தவே மாட்டார், திருப்பிக் கொடுத்து, "எழுத்துக்கு ஒரு கரை வேண்டும் பெண்ணே" என்பார். நான் அதைச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் வந்த மருமகள் நான்.

தென்னை மரத்துக்குப் பிறகு கிணறு தள்ளிப் போனது, கிணற்றுக்குப் பிறகு மாட்டுக்கொட்டகை, அதற்குப் பிறகு கிழக்கு மூலையிலிருந்து பார்த்தால் மேற்கு மூலையில் நிற்கிற ஆள் எருமையா மனுஷனா என்று தெரியவில்லை. வெளியே, வாய்க்கால் கரை ரோட்டில் நின்று பார்த்தால் பழைய ஒன்றரை ஏக்கர்தான், சைக்கிளில் போகிறவன் பெடலை மிதித்து முடிப்பதற்குள் கடந்துவிடுவான். உள்ளே கால் வைத்தால்தான் நீளம். சர்வேயர் வந்து வெளியே சுற்றி அளந்துவிட்டு, எல்லாம் பட்டாவில் இருக்கிறபடியே சரியாக இருக்கிறது என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். எல்லார் தோட்டமும் அப்படியே நீண்டது. ஒருவர் நிலத்தை ஒருவர் தள்ளவில்லை, ஒருவர் பங்கை ஒருவர் தின்னவில்லை, அதனால் சண்டை வரவில்லை. சண்டை வராத விஷயத்தை எங்கள் ஊர் அதிசயம் என்று நினைப்பதில்லை.

நினைப்பதற்கு நேரமும் இல்லை. புது மண்ணில் தண்ணீர் ஒரே சீராகப் பரவியது, நடவு இயந்திரம் பிசிறில்லாமல் நட்டுக்கொண்டே போனது, நெல் தூர் கட்டி இடுப்பளவு நின்றது. கூலிக்கு வருகிற பெண்கள் விடியலில் இறங்கினால் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆனது, அதனால் நடைக்கூலி என்று ஒன்று தனியாக ஏற்பட்டது, பத்து நாளில் அது எப்போதும் இருந்த வழக்கம் மாதிரி ஆனது. விருந்துக்கு ஒரம்பரையாக வருகிறவர்கள் பாய், தலையணையோடு வந்தார்கள். மருந்தடிக்கப் போன ட்ரோன் வரப்பைத் தேடிப் போய், அறுவடை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் தானாகத் திரும்பி வந்து வாசலில் இறங்கியது. சேமலை அதைத் துடைத்து உள்ளே வைத்தார். பாட்டரி எப்படித் தாங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் காட்டில் சோற்றுப் போசியைத் திறந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிடாமல் உருண்டை பிடிக்க மாட்டார்கள். வருகிறார்களோ இல்லையோ, "சோறுண்ண வாங்கோ" என்று வரப்பைத் தாண்டி ஒரு குரல் கொடுக்க வேண்டும். வரப்பு போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. ஆனால் மத்தியானம் கூப்பிட்ட குரல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர விளக்கு வைக்கிற நேரமானது. பக்கத்துத் தோட்டத்து பாவாத்தாள் அக்கா, புருஷன் செத்து ஒண்டியாகப் பண்ணையம் பார்க்கிறவர், தன் வாசலில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் மத்தியானக் குரல் வந்து சேரும், அவரும் மரியாதைக்கு, "ஆச்சு அம்மிணி, நீ உண்ணு" என்று பதில் சொல்வார், அது மறுநாள் நான் தோசை ஊற்றும்போது எனக்குக் கேட்கும்.

"எங்கூட்டுக்காரன் உசுரோட இருந்தப்பவே ஒரு தடவ கூப்புட்டா ஒம்போது நாழி கழிச்சுத்தான் 'ஊம்'பான்," என்பார் பாவாத்தாள் அக்கா நேரில் பார்க்கும்போது. "இப்ப நெலமும் அவங்கிட்டப் பாடம் படிச்சுக்கிச்சு."

அறுவடைக்கு அப்புறம் வேளாண்மைத் துறையிலிருந்து ஜெபக்கனி மேடம் வந்தார். களத்தில் நெல் மலை மாதிரி கிடந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்குப் பின்னால் இருந்ததை வெயிலில் கண் கூசிப் பார்க்க முடியவில்லை. பட்டாவில் ஒன்றரை ஏக்கர், களத்தில் இவ்வளவு, வகுத்துப் பார்த்தார், மறுபடி வகுத்தார்.

"சார், ஏக்கருக்கு இவ்வளவுன்னு மேல எழுதினா என்னைய சிரிப்பாங்க."

"உள்ள வந்து பாருங்க மேடம்," என்றார் சேமலை.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி நடந்தார். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டார். "சமப்படுத்தினா பரப்பு கொஞ்சம் கூடும்னு எங்களுக்கும் சொல்லித்தான் குடுத்திருக்காங்க," என்றார். "அந்தக் கொஞ்சம் கொஞ்சம் கூடிப்போச்சு. அம்புட்டுதான்." அப்படியே மேலே எழுதினார். சேமலைக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள், பக்கத்து ஊர்களும் எல்லைக் கற்களைப் பிடுங்க ஆரம்பித்தன.

என் பயத்தை நான் யாரிடம் சொல்வது? நெல் அதிகமாக விளைகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ரோடு தெரிகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். வாசலில் நின்றால் பஸ் தெரியும், பஸ் தெரிந்தால் குன்னூர் தெரிகிற மாதிரி. இப்போது ரோடு ஒரு மெல்லிய கோடானது, பிறகு கோடும் இல்லை, பிறகு ஹாரன் சத்தம் மட்டும் வந்தது, எந்த நாளைய பஸ் என்று தெரியாமல். போனில் டவர் எட்டவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கிளம்பி வந்த நர்சம்மா, பெட்டியில் ஐஸ் உருகிவிட்டதென்று பாதித் தோட்டத்தோடு திரும்பிவிட்டதாக யாரோ சொன்னார்கள். சஷ்டிகாவுக்குச் சளி கட்டி நெஞ்சு கர்கர் என்றபோது, நான் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே, யாரும் கேட்காமல், பள்ளிக்கூடத்தில் தினமும் சொன்ன பரமண்டலத்துப் பிதா ஜெபத்தை முணுமுணுத்தேன். அந்தப் பிதா இந்த நீளத்துக்குக் குரல் கேட்பாரா என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்.

"கல்லெக் கொண்டாந்து நட்டுருங்க," என்றேன் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே.

"எந்தக் கல்ல? அத்தனையும் ஒன்னா இருக்குது. தப்பான கல்ல நட்டா ஊர்ல வெட்டுக்குத்து ஆயிரும்."

"அப்ப எல்லாத்தையும் அளந்து."

"உள்ளயா வெளியவா, எதெ அளக்கறது? சரி, நட்டுட்டோமுன்னே வெச்சுக்க. நட்ட எடத்துல நெலம் நின்னு போயிரும் வைசாலி."

"நிக்கட்டுமுங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கோபப்படுகிற ஆளில்லை. "எங்கப்பன் இதே மண்ணுல சாகற வரைக்கும் குழிக்கும் மேட்டுக்கும் நடுவுல மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுனாரு. செத்தன்னைக்கும் காலு சேறு. இன்னும் ஒரு போகம். ஒரே ஒரு போகம் பாத்துட்டு நட்டர்லாம்." பிறகு என் கையைப் பிடித்து, "நீயும் பாப்பாவும் ஒரு கொறையும் இல்லாம இருக்கோணுமுன்னுதானே," என்றார். நான் மறுசோறு போட்டேன்.

அடுத்த போகத்துக்கு நாற்று விட்ட சமயம்தான் நீளம் வீட்டுக்குள் வந்தது. வீடும் அந்த மண்ணின் மேல்தானே இருக்கிறது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு இருட்டு வளர்ந்தது, சேமலை அதற்கு ஒரு பல்பு போட்டார். அலமாரி சுவரை விட்டு விலகி நடுவில் நின்றது. கதவு நிலைகள் அகன்று, தாழ்ப்பாளை எவ்வளவு இழுத்தாலும் ஓட்டை வரை எட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான், பெண்கள் கதவுக்குச் சேலையை முடிந்து கட்டிக்கொண்டார்கள், ஊரில் திருட்டு இல்லாதது எவ்வளவு நல்லது என்று பேசிக்கொண்டார்கள். "விசாலமா இருக்குது," என்றார் சேமலை, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து. எனக்கு அது கேட்டபோது அவர் வெளியே போயிருந்தார்.

பயிர் கதிர் வாங்குகிற சமயம், ஒரு மத்தியானம் சஷ்டிகாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே பாயில் படுத்துக் கண்ணசந்தேன். அழுகைச் சத்தம் கேட்டு விழித்தேன். வழக்கம்போலக் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினேன், தொட்டில் இல்லை. எழுந்து பார்த்தால் விட்டத்திலிருந்து தொங்குகிற அந்தச் சேலைத் தொட்டில் அறையின் கோடியில், ஜன்னலுக்கும் அப்பால் ஜன்னல் இருக்கிற மாதிரி ஒரு தூரத்தில், சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஓட ஓட அழுகை அதிகமானது, "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடினேன், போய்ச் சேர்ந்து சேலையை விலக்கிப் பார்த்தபோது அவள் அழவில்லை. எப்போதோ அழுது, ஆள் வராது என்று தெரிந்து, ஓய்ந்து, விரலைச் சப்பிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து உப்பாகியிருந்தது. அவளுடைய அழுகை மட்டும் அறையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் "வந்துட்டேன்" அவளுக்கு எப்போது கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவளை நான் இறக்கி வைக்கவில்லை. பழைய சேலையைக் கிழித்து என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். சேமலையிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பெரிய கவலையோடு யோசித்து, "தொட்டிலுக்கும் பாய்க்கும் ஒரு கயிறு கட்டிக்கலாம்," என்றார்.

நாலாம் நாள் அவர் மஞ்சள் காட்டுக்குப் போன பிறகு, ஒரு பையில் தண்ணீர், புளிச்சோறு, அவளுடைய மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தேன். ரோடு கண்ணுக்குத் தெரியாததால் திசை தப்பிவிடும், ஆனால் பாசனத் தண்ணீர் வருகிற தடத்தை எதிர்த்து நடந்தால் வாய்க்காலில் கொண்டுபோய் விடும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் கதிர் வாங்கிய நெல், என் தோளுக்கு மேல், தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு செடிகூட மெலிந்ததில்லை, ஒரு செடிகூட வேறு மாதிரி இல்லை. நடக்கிறேனா நின்ற இடத்தில் கால் தூக்கி வைக்கிறேனா என்று அடிக்கடி சந்தேகம் வந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது தடத்தின் மேல் பாவாத்தாள் அக்கா சோற்றுப் போசியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு தோட்டமும் ஒட்டுகிற இடம் அது.

"எங்க அம்மிணி, கொழந்தையும் கட்டிக்கிட்டு?"

"வாய்க்காலுக்குங்க்கா. துணி தொவைக்க."

என் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "சோப்பக் காணோம்," என்றார். நான் பையைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "உக்காரு, ஒரு வாய் உண்டுட்டுப் போ."

"நேரமில்லீங்க்கா."

"நானும் ஒருக்கா கெளம்புனேன்," என்றார் அவர், உருண்டை பிடித்துக்கொண்டே. "கட்டிக் குடுத்த பெரிய மவளப் பாத்து, தீவாளி பொங்கல்னு மூணு நோம்பி ஆச்சேன்னு. பாதி வழில பாத்தா நெல்லு மணி உதுறுது. உட்டுட்டுப் போக மனசு வருமா? அருவாள எடுத்து அறுக்க ஆரம்பிச்சேன். அப்பறம் எந்தப் பக்கம் போய்ட்டிருந்தேன்னே மறந்துபோச்சு." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "பயிரப் பாக்காத. தலையத் தூக்காத. தண்ணியவே பாத்துட்டு நட. வாய்க்கால் கரை சர்க்காருது, யாரு பட்டாவும் கெடையாது, அதெ எவனும் சமன் பண்ணல. அது இருந்த எடத்துலதான் இருக்கும். மதகுகிட்ட ஒரு ரூம் இருக்குது பாரு, தண்ணி தொறந்துடற லஸ்கர் தங்கறது, இப்ப ஆளில்ல. பாலத்துக்கு அந்தாண்ட விடியறப்ப மொத பஸ்சு."

"நீங்களும் வாங்க்கா."

"போ போ. எனக்கு அறுப்பு இருக்குது."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் சேமலையின் குரல் பின்னாலிருந்து வந்து என்னைத் தொட்டது, "வைசாலி, அந்த மம்பட்டி எங்க வெச்ச?" என்று. அது காலையில் அவர் கேட்டது, நான் அப்போதே பதில் சொல்லியாயிற்று. பிறகு, "வைசாலி, பாப்பா தூங்குதா?" என்றார். அது நேற்றோ அதற்கு முந்தின நாளோ. நடக்க நடக்க அவருடைய பழைய குரல்களெல்லாம் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின, காபி கேட்டது, தலைவலிக்குத் தைலம் கேட்டது, சஷ்டிகா பிறந்த வாரத்தில் மூக்கு யாரைப் போல என்று கேட்டுச் சிரித்தது. அவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல என் வாய் திறந்து திறந்து மூடியது. சூரியன் நெல்லுக்குள் இறங்கும் நேரத்தில் என் கால் திடீரென்று கல்லிலும் முள்ளிலும் பட்டது. கரை. மேடும் பள்ளமுமான, எருக்கஞ்செடி முளைத்த, ஒரு நாய் நடந்த தடம் காய்ந்து கிடந்த கரை. நான் உட்கார்ந்து அந்த மேட்டைத் தடவிக் கொடுத்தேன்.

மதகின் மேல் அந்த அறை இருந்தது. ஒரு ஆள் படுத்தால் தலையும் காலும் சுவரில் முட்டும், அவ்வளவுதான். பழைய சாக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, வௌவால் நாற்றம். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன், இரண்டு உள்ளங்கையிலும் சுவர். எனக்கு அழுகை வந்தது. சஷ்டிகாவை அவிழ்த்துச் சாக்கின் மேல் விட்டேன், அவள் உருண்டாள், என் காலில் வந்து இடித்து நின்றாள், அதற்கு மேல் உருண்டு போக இடமில்லை.

அப்போதுதான் குரல் கேட்டது. "வைசாலி." கரைக்குக் கீழே, நெல்லுக்குள் இருந்து. "வைசாலி, பொழுதோட எங்க போயிட்ட?" பிறகு அருகில், "கால் நோவும், வா, நான் பாப்பாவத் தூக்கிக்கறேன்." இது எப்போதைய குரல்? இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறாரா, அல்லது எங்கோ பாதித் தோட்டத்தில் நின்று சாயங்காலம் கூப்பிட்டது இப்போது வந்து சேர்கிறதா? அவர் அடிக்கிற ஆளாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. அன்பாகத்தான் கூப்பிடுவார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வார். பேச்சுக்குப் பேச்சு "காலைல நானே பஸ் ஏத்தி உடறேன்" என்பார், உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொல்வார், நான் பின்னாலேயே போவேன், விடியும்போது பஸ் இருக்கிற காலை எங்களுக்கு எட்டாத தூரத்தில் விடிந்துகொண்டிருக்கும். சஷ்டிகா குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "ப்பா" என்றாள்.

"வைசாலி, பாப்பாவுக்குப் பசிக்கும்," என்றது குரல்.

கதவைச் சாத்தினேன். இரும்புத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது, முந்தானையைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அசையவில்லை, மறுபடி இழுத்தேன், உள்ளங்கை கிழிந்தது, அது நகர்ந்து ஓட்டையில் போய் விழுந்தது. விழுந்த சத்தம் அது விழுந்த அந்தக் கணமே எனக்குக் கேட்டது.